எந்தத் தமிழ் வேதாகமம், எந்தக் கருவி? தனி வாசிப்புக்குத் தேர்ந்தெடுக்கும் முன்

வேதாகமத்தை ஆழ்ந்து படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. “சிறு வயதிலிருந்து ஓ.வி.தான் (ஓல்ட் வெர்ஷன் எனப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) வாசிக்கிறேன், அதுவே போதுமா?” “திருவிவிலியம் எளிதாக இருக்கிறது என்கிறார்களே, அதற்கு மாறிவிடலாமா?” “போனில் எல்லா மொழிபெயர்ப்பும் இலவசமாக இருக்கும்போது புத்தகமும் ஒத்தவாக்கிய அகராதியும் (ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூல்) எதற்கு?”

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். நீங்கள் முதன்மையாக வைத்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பே எந்த ஒத்தவாக்கிய அகராதி உங்களுக்குப் பயன்படும், எந்தச் சொல்லைத் தேடினால் வசனம் கிடைக்கும், பிரசங்கத்தில் கேட்டதை வீட்டில் திருப்பிப் பார்க்க முடியுமா என்பதையெல்லாம் தீர்மானித்துவிடுகிறது. அதனால் மொழிபெயர்ப்பையும் கருவியையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் மூலப் பிரதி. எந்தக் கிரேக்க, எபிரேயப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தார்கள்? சில வசனங்கள் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, மொழிபெயர்த்த முறை. மூலத்தில் ஒரு சொல் வரும் இடமெல்லாம் கூடியவரை ஒரே தமிழ்ச் சொல்லை வைத்தார்களா, இடத்துக்கு ஏற்றபடி பொருளை விரித்தார்களா? முதல் வகை சொல்லாய்வுக்கு உதவும். இரண்டாம் வகை ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்ள உதவும்.

மூன்றாவது, அந்தத் தமிழ் இன்று உங்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பது. தெரியாத சொல் பெரிய ஆபத்தில்லை, அகராதியைப் பார்த்துவிடுவோம். தெரிந்த சொல்லே பொருள் மாறி நிற்பதுதான் ஆபத்து.

நான்காவது, உங்கள் சபையிலோ பங்கிலோ எது வாசிக்கப்படுகிறது. காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றாக இருந்தால்தான் வசனம் மனதில் தங்கும்.

ஐந்தாவது, அந்த மொழிபெயர்ப்பை ஒட்டி என்ன கருவிகள் கிடைக்கின்றன. விலையைக் கடைசியில் பார்த்தால் போதும். ஒரு வேதாகமம் பத்து, இருபது ஆண்டு கையில் இருக்கப்போகிறது.

| | ஓ.வி. | திருவிவிலியம் | எளிதில் வாசிக்கும் பதிப்பு | ஐ.ஆர்.வி. (இந்தியன் ரிவைஸ்டு வெர்ஷன்) |
|---|---|---|---|---|
| முழுமையாக வெளிவந்த ஆண்டு | 1871 | 1995 | 2008 | 2019 |
| முறை | சொல்லுக்கு நெருக்கம் | பொருளுக்கு நெருக்கம் | முழுக்கப் பொருள் வழி | ஓ.வி. சட்டகம், புதுச் சொற்கள் |
| கடவுளைக் குறிக்கும் சொல் | தேவன், கர்த்தர் | கடவுள், ஆண்டவர் | தேவன், கர்த்தர் | தேவன், யெகோவா |
| நூல்கள் | 66 | 66ஓடு இணைத்திருமுறை நூல்களும் (கத்தோலிக்கர் ஏற்கும் கூடுதல் நூல்கள்) உண்டு | 66 | 66 |
| அச்சில் ஒத்தவாக்கிய அகராதி | எளிதில் கிடைக்கும் | அரிது | இல்லை எனலாம் | இல்லை எனலாம் |
| சிறப்பாகப் பயன்படுவது | மனப்பாடம், சொல்லாய்வு | பொருள் சரிபார்ப்பு, முன்னுரைகள் | நீண்ட பகுதிகளை வேகமாக வாசிக்க | போனில் தேட, பகிர |

## ஓ.வி.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1714–15இல். பிறகு சென்னை வேப்பேரியில் பப்ரிசியுஸ் பல்லாண்டு உழைத்தார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவலும் அவருக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரும் ஒரு மொழிபெயர்ப்பை உருவாக்கினார்கள். இந்த வரிசையின் முடிவில் ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்ததைத்தான் நாம் ஓ.வி. என்கிறோம். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளின் ஜெபமும் பாட்டும் பிரசங்கமும் இதன் நடையில் ஊறியவை.

இதன் பலம் சொல் ஒழுங்கு. யோவான் 21:15–17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் அகபாவோ, பிலியோ என்று இரண்டு வினைச்சொற்கள் மாறி மாறி வருகின்றன. பல ஆங்கில மொழிபெயர்ப்புகள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடும். ஓ.வி. முதல் இரண்டு கேள்விகளில் “அன்பாயிருக்கிறாயா” என்கிறது, பேதுருவின் பதிலில் “நேசிக்கிறேன்” என்கிறது, மூன்றாம் கேள்வியில் இயேசுவும் “நேசிக்கிறாயா” என்று மாறுவதை அப்படியே காட்டுகிறது. அந்த மாற்றத்துக்கு எவ்வளவு பொருள் கொடுப்பது என்பது வேறு விவாதம். மூலத்தில் மாற்றம் இருக்கிறது என்பதைத் தமிழ் மட்டும் தெரிந்தவரும் கண்டுகொள்ள முடிகிறதே, அது பெரிய கொடை.

மறைந்திருக்கும் செலவு, பொருள் மாறிப்போன சொற்கள். “நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்” (யோவான் 14:15). 1871இல் கற்பனை என்றால் கட்டளை. இன்று பள்ளிப் பிள்ளைக்குக் கற்பனை என்றால் மனத்தில் புனைவது. சங்கீதம் 23இல் வரும் “தாழ்ச்சியடையேன்” இன்னொன்று. ‘எனக்கு ஒன்றும் குறைவுபடாது’ என்பதுதான் பொருள். இன்று வாசிப்பவரோ ‘நான் தாழ்ந்துபோகமாட்டேன்’ என்று எடுத்துக்கொள்கிறார், அதை வைத்து ஒரு செய்தியே கொடுத்துவிடுகிறார். ‘உக்கிராணக்காரன்’ என்றால் விளங்காமல் நின்று அகராதியைத் தேடுவோம். ‘கற்பனை’யிலும் ‘தாழ்ச்சி’யிலும் நிற்கவே மாட்டோம்.

மூலப் பிரதியைப் பொறுத்தவரை, ஓ.வி.யின் புதிய ஏற்பாடு பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் தொடங்கிவைத்த அச்சு மரபின் கிரேக்கப் பாடத்தைத் தழுவியது. பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு முதலிடம் கொடுத்த வெஸ்ட்காட்–ஹோர்ட் பதிப்பு வந்தது 1881இல், ஓ.வி. முடிந்து பத்தாண்டு கழித்து. மிகப் பழைய எபிரேயப் பிரதிகள் அடங்கிய சாக்கடல் சுருள்கள் கிடைத்ததோ 1947இல். இது குற்றமில்லை, காலத்தின் எல்லை. மிகப் பழைய பிரதிகளில் இல்லாத வாசகங்கள் வரும் அப்போஸ்தலர் 8:37, 1 யோவான் 5:7 போன்ற இடங்களில் இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.வி. உங்கள் சபையில் வாசிக்கப்படுகிறது, வசனங்களை ஏற்கெனவே அதில்தான் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள் என்றால், வேறு எதையும் முதன்மையாக்காதீர்கள். முப்பது வருட மனப்பாடத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு வரும் எளிமைக்கு விலை அதிகம்.

## திருவிவிலியம்

கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு இது. கத்தோலிக்கத் திருவழிபாட்டில் வாசிக்கப்படுவதும் இதுதான். தோபித்து, யூதித்து, மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு ஆகிய நூல்கள் இதில் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் உள்தலைப்புகளும் அடிக்குறிப்புகளும் இருக்கின்றன. தனியாகப் படிப்பவருக்கு அடிக்குறிப்புகள்தாம் பெரிய உதவி. “எபிரேயத்தில் இப்படி”, “சில பிரதிகளில் இப்படி” என்று அவை சொல்வதைத் தமிழில் வேறு எங்கும் இவ்வளவு எளிதாகப் பெற முடியாது.

வாக்கியம் இன்றைய உரைநடை. ‘கற்பனை’ இங்கே ‘கட்டளை’, ‘தேற்றரவாளன்’ இங்கே ‘துணையாளர்’, ‘ஆயக்காரர்’ இங்கே ‘வரிதண்டுவோர்’. “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று வாசித்த உடனே ‘தாழ்ச்சியடையேன்’ குழப்பம் தீர்ந்துவிடுகிறது. மனிதர்களைக் குறிக்கும் முறையும் மாறுகிறது. ஓ.வி. ஆபிரகாமையும் பவுலையும் ‘அவன்’ என்னும், திருவிவிலியம் ‘அவர்’ என்னும். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

இதற்கும் செலவு உண்டு. தூய தமிழ்ச் சொற்களில் சில, பழைய சமஸ்கிருதச் சொற்களைப்போலவே தனியாகக் கற்க வேண்டியவை. ‘கிருபாதாரபலி’ புரியாதவருக்குக் ‘கழுவாய்’ உடனே புரிந்துவிடாது. ‘மாம்சம்’ கடினம் என்றால் ‘ஊனியல்பு’ம் கடினம்தான். நூல்களின் பெயர்களும் வேறு: யாத்திராகமம் இங்கே விடுதலைப் பயணம், உபாகமம் இங்கே இணைச்சட்டம், நியாயாதிபதிகள் இங்கே நீதித் தலைவர்கள், பிரசங்கி இங்கே சபை உரையாளர். ஓ.வி.யோடு சேர்த்துப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் இரண்டு வரிசை நூற்பெயர்களையும் ஒரு தாளில் எழுதி அட்டைக்குள் ஒட்டிவையுங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். ஒட்டாதவர்கள் ஒரு வருடம் தடுமாறுவார்கள்.

இன்னொரு செலவு நுட்பமானது. பொருளைத் தெளிவாக்கும்போது சொல்லின் இழை அறுந்துபோகிறது. யோவான் 1:14 ஓ.வி.யில் “அந்த வார்த்தை மாம்சமாகி”. ரோமர் 8இலும் ‘மாம்சம்’தான் வருகிறது. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் சார்க்ஸ் (தசை, உடல்) என்ற ஒரே சொல். திருவிவிலியத்தில் யோவான் 1:14 “வாக்கு மனிதர் ஆனார்”, ரோமர் 8 ‘ஊனியல்பு’. ஒவ்வொரு வசனமும் தனித்தனியே துலங்குகிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓடும் கோடு கண்ணுக்குத் தெரியாது.

## எளிதில் வாசிக்கும் பதிப்பு

குறுகிய வாக்கியங்கள், அன்றாடச் சொற்கள். ஆங்கிலத்தில் இதன் முன்னோடி காது கேளாதோரை மனதில் வைத்து உருவானது. அதனால்தான் நீண்ட வாக்கியங்கள் எல்லாம் துண்டு துண்டாக நிற்கின்றன. எரேமியா, எசேக்கியேல், லேவியராகமம் என்று எப்போதும் பாதியில் விட்டுவிடும் நூல்களை முதன்முறையாக முழுவதும் வாசித்து முடிக்க இதைவிட நல்ல துணை இல்லை. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இது ஏற்றது.

சொல்லாய்வுக்கு மட்டும் இதைத் தொடவே வேண்டாம். சங்கீதம் 23:1இன் பின்பாதி இதில் “எனக்குத் தேவையானவை எப்போதும் என்னிடமிருக்கும்” என்று விரிகிறது. எபிரேயத்தில் இருப்பது ‘குறைவுபடேன்’ என்ற ஒரே வினை. ‘எப்போதும்’, ‘தேவையானவை’ என்ற சொற்களின்மேல் பாடம் கட்டினால், மொழிபெயர்ப்பாளரின் விளக்கத்தின்மேல் கட்டுகிறீர்கள்.

## ஐ.ஆர்.வி.

ஓ.வி.யின் வாக்கிய ஓட்டத்தை வைத்துக்கொண்டு பழஞ்சொற்களைப் புதுப்பித்தது இது. திறந்த உரிமத்தில் வெளியானதால் இணையம் இல்லாமல் இயங்கும் பல செயலிகளில் கிடைக்கிறது, பாடக் குறிப்புகளில் எடுத்துப் பகிரவும் தடையில்லை. பழைய ஏற்பாட்டில் ‘கர்த்தர்’ என்று பழகிய இடங்களில் ‘யெகோவா’ என்று வருவது சிலருக்கு உறுத்தும். ஓ.வி. வாசகருக்கு இரண்டாவது மொழிபெயர்ப்பாக இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால், ஓ.வி.யில் கண்ணுக்குத் தப்பியது இதிலும் தப்பும். சரிபார்க்க வைத்துக்கொள்ளும் பிரதி வேறு வழியில் வந்ததாக இருக்க வேண்டும்.

## ஒரே வசனத்தை அருகில் வைத்துப் பார்த்தால்

ரோமர் 8:1 ஓ.வி.யில் இப்படி: “ஆனபடியால், கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களாயிருந்து, மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை.”

திருவிவிலியத்தில், கிறிஸ்து இயேசுவோடு இணைந்திருப்பவர்களுக்குத் தண்டனைத் தீர்ப்பு இல்லை என்பதோடு வசனம் முடிந்துவிடுகிறது. ‘மாம்சத்தின்படி நடவாமல்’ என்ற பகுதியே அங்கே இல்லை.

இதைப் பார்த்தவுடன் “வசனத்தை வெட்டிவிட்டார்கள்” என்று பதறுகிறவர்கள் உண்டு. நடந்தது வேறு. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 1ஆம் வசனத்தில் அந்தச் சொற்றொடர் இல்லை. அதே சொற்றொடர் 4ஆம் வசனத்தின் இறுதியில் எல்லாப் பிரதிகளிலும் இருக்கிறது. படியெடுத்தவர்கள் 4ஐ நினைவில் வைத்து 1இலும் எழுதியிருக்கலாம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அந்தப் போதனை வேதாகமத்திலிருந்து காணாமல் போகவில்லை, மூன்று வசனம் தள்ளி அப்படியே இருக்கிறது.

ஆனால் தினமும் வாசிப்பவருக்கு வித்தியாசம் உண்டு. முதல் வடிவத்தில் தீர்ப்பில்லை என்ற உறுதியோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருப்பதுபோலத் தோன்றுகிறது. இரண்டாவதில் அறிவிப்பு முதலில் தனியாக நிற்கிறது, நடக்கை பின்னால் அதன் விளைவாக வருகிறது. குற்றவுணர்வோடு போராடும் ஒருவர் இந்த அதிகாரத்தைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த அகராதியும் விளக்கவுரையும் இல்லாமல், இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாலே இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. படிப்புக்கு முதல் கருவி இரண்டாவது மொழிபெயர்ப்பு என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

தமிழுக்கே உரிய இன்னொரு இடமும் உண்டு: ‘நாம்’, ‘நாங்கள்’. கிரேக்கத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. தமிழில் எழுதும்போது மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டும். மாற்கு 4:38இல் புயலில் சீஷர்கள் இயேசுவை எழுப்புகிறார்கள். ஓ.வி.: “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா.” அதாவது, படகு மூழ்கினாலும் அவர் மடியமாட்டார், நாங்கள்தான் மடிவோம் என்று அவர்கள் நினைத்ததாக ஆகிறது. திருவிவிலியம்: “போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?” பிரதிப்பெயரையே விட்டுவிட்டு இரண்டு பொருளுக்கும் இடம் வைக்கிறது. ‘நாங்கள்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துச் சீஷர்களின் விசுவாசத்தை அளக்கப் புறப்படும் முன் இதைக் கவனியுங்கள். அந்தச் சொல் மாற்கு எழுதியது அல்ல, தமிழ் கேட்டு வாங்கியது. 2 கொரிந்தியர் முழுவதும் இதே கவனம் வேண்டும்.

## கருவிகள்

அச்சு ஒத்தவாக்கிய அகராதி. கன்கார்டன்ஸ் என்று கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். தமிழில் கிடைப்பவை ஏறத்தாழ எல்லாமே ஓ.வி. சொற்களை வைத்தவை. திருவிவிலியம் வாசிப்பவர் அதில் ‘பேரன்பு’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. வாங்கும் முன் ‘கிருபை’ என்ற தலைச்சொல்லைத் திறந்து பாருங்கள். ஆதியாகமம் 6:8, சங்கீதம் 136, எபேசியர் 2:8 மூன்றும் இருக்கின்றனவா? சுருக்கப் பதிப்புகளில் பாதி விட்டுப்போயிருக்கும். வேதாகமத்தின் பின்னால் சேர்த்துக் கட்டியிருக்கும் சில பக்க அகராதி, மறந்துபோன வசனத்தைக் கண்டுபிடிக்கத்தான் உதவும்.

இந்த மூன்று வசனங்களே ஓர் எச்சரிக்கையும் கொடுக்கின்றன. ஓ.வி.யில் மூன்றிலும் ‘கிருபை’. மூலத்தில் மூன்றும் வெவ்வேறு: நோவாவுக்குக் கிடைத்தது எபிரேயத்தில் ஹேன், சங்கீதம் 136இல் திரும்பத் திரும்ப வருவது ஹெசெத், எபேசியரில் கிரேக்கக் காரிஸ். உடன்படிக்கையில் மாறாமல் நிற்கும் அன்பைச் சொல்லும் ஹெசெத்தைத்தான் திருவிவிலியம் ‘பேரன்பு’ என்கிறது. தமிழ் ஒத்தவாக்கிய அகராதியை மட்டும் வைத்துக் ‘கிருபை’ என்று ஒரு பாடம் தயாரித்தால் மூன்று ஆற்றின் நீரை ஒரே குடத்தில் கலந்துவிடுவோம்.

ஸ்ட்ராங்ஸ் எண்கள். 1890இல் வெளிவந்த இந்த முறை, எபிரேயச் சொற்களுக்கு 8674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையும் எண் கொடுத்தது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் எண்ணை வைத்துச் சொல்லைத் தொடரலாம். புளூ லெட்டர் பைபிள், கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் இரண்டும் இலவச இணையதளங்கள். வழி இதுதான்:

1. வசனத்தை ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பில் திறந்து, வேண்டிய சொல்லின் எண்ணைக் குறியுங்கள். யோவான் 14:16இல் பரிசுத்த ஆவியானவரைச் சொல்லும் ‘தேற்றரவாளன்’ என்றால் கிரேக்க எண் 3875.
2. அந்த எண் வரும் வசனங்கள் எல்லாவற்றின் பட்டியலையும் திறந்து, அதிகாரம், வசன எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை.
3. அவற்றை உங்கள் தமிழ் வேதாகமத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கே என்ன தமிழ்ச் சொல் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாம் படியில்தான் பலன் கிடைக்கிறது. 3875ஆம் எண் 1 யோவான் 2:1இலும் வருகிறது. அங்கே ஓ.வி. “பரிந்து பேசுகிறவர்” என்கிறது, அது இயேசுவைக் குறிக்கிறது. ஆவியானவருக்கும் இயேசுவுக்கும் ஒரே பெயர் என்பதும், “வேறொரு தேற்றரவாளன்” என்பதில் ‘வேறொரு’ ஏன் வந்தது என்பதும் அப்போது தெளிவாகும். தமிழ் அகராதி இதை ஒருநாளும் காட்டாது.

இதில் நடக்கும் பெரிய தவறு, ஒரு எண்ணின் கீழ் பட்டியலிட்டிருக்கும் ஏழெட்டுப் பொருளையும் ஒரே வசனத்துக்குள் திணிப்பது. தமிழில் ‘படி’ என்றால் வாசி, மாடிப்படி, அளவு, நகல். “புத்தகத்தைப் படி” என்பதில் மாடிப்படியைத் தேடமாட்டோம் அல்லவா? கிரேக்கத்துக்கும் அதே நியாயம்தான்.

செயலிகள். பல மொழிபெயர்ப்புகளை ஒப்பிட யூவெர்ஷன் போதும். கணினியில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு ஈ-ஸ்வோர்டும் ஆண்ட்ராய்டில் மைஸ்வோர்டும் தமிழ்ப் பாடத்தை இணையம் இல்லாமலே தரும். லோகோஸ் போன்ற கட்டணத் தொகுப்புகளின் பலம் ஆங்கில நூல்களில்தான் இருக்கிறது. ஆங்கில விளக்கவுரை சரளமாக வாசிக்காதவர் அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

செயலியில் தமிழ் தேடும்போது எல்லோரும் இடறும் இடம் ஒன்று. ‘ஜீவன்’ என்று தேடினால் ‘ஜீவனை’, ‘ஜீவனுக்கு’ வராமல் போகலாம். கடைசி எழுத்தில் புள்ளி இருப்பதால் கணினிக்கு அது வேறு எழுத்து வரிசை. புள்ளியை எடுத்துவிட்டு ‘ஜீவன’ என்று தேடுங்கள், இரண்டும் வரும். ‘மாம்சம்’ வேண்டாம், ‘மாம்ச’ என்று தேடினால் மாம்சத்தின், மாம்சமாகி எல்லாம் கிடைக்கும். ‘அன்பு’ என்று தேடினால் ‘அன்பினால்’ தப்பிவிடும், ‘அன்ப’ என்று போடுங்கள். சில செயலிகள் முழுச் சொல்லை மட்டுமே தேடும். அவற்றில் வேற்றுமை உருபுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுவதைத் தவிர வழியில்லை. ஓ.வி. ‘நித்தியஜீவன்’ என்று சேர்த்து எழுதுவதையும் மறக்காதீர்கள். நடுவில் இடம் விட்டுத் தேடினால் ஒன்றும் வராது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எப். கோப்புகளில் என்ன தேடினாலும் கிடைக்காது. அவை கண்ணால் வாசிக்க மட்டும்தான்.

ஆய்வு வேதாகமம். ஓ.வி. பாடத்தோடு குறிப்புகள் சேர்ந்தவை பல கிடைக்கின்றன. வாங்கும் முன் ரோமர் 9, 1 கொரிந்தியர் 14, வெளிப்படுத்தல் 20 மூன்றின் குறிப்புகளையும் கடையிலேயே வாசியுங்கள். எழுதியவர் எந்தப் போதனை மரபில் நிற்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். மரபு இருப்பது தவறில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் வசனமும் குறிப்பும் அச்சாகும்போது, சில மாதத்தில் எது பவுல் சொன்னது, எது குறிப்பாசிரியர் சொன்னது என்ற எல்லை மனதில் அழிந்துபோகிறது. முதல் ஓராண்டு குறிப்பில்லாத வேதாகமமும் ஒரு நோட்டும் போதும்.

## யாருக்கு எது

ஓ.வி. வாசிக்கும் சபையில் இருப்பவர்: ஓ.வி. முதன்மை, சரிபார்க்கத் திருவிவிலியம், அச்சில் முழு ஒத்தவாக்கிய அகராதி ஒன்று, போனில் ஸ்ட்ராங்ஸ். இதற்குமேல் வாங்க அவசரம் வேண்டாம்.

கத்தோலிக்க வாசகர்: திருவிவிலியம் முதன்மை. முன்னுரையையும் அடிக்குறிப்பையும் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். சொல்லின் இழையைத் தேடும்போது மட்டும் ஓ.வி.யைப் போனில் திறந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்: எளிதில் வாசிக்கும் பதிப்பில் மாற்கு, லூக்கா, அப்போஸ்தலர் மூன்றையும் முழுவதும் வாசியுங்கள். பிறகு எந்தச் சபையோடு நடக்கிறீர்களோ அந்தச் சபையின் மொழிபெயர்ப்புக்கு மாறுங்கள். எளிய பதிப்பிலேயே தங்கிவிட்டால் பாட்டும் ஜெபமும் அந்நிய மொழியாகவே இருக்கும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர், வீட்டுக்கூட்டம் நடத்துபவர்: பாடம் தயாரிக்கும்போது பகுதியை முதலில் ஓ.வி.யில் வாய்விட்டு இருமுறை வாசியுங்கள். பிறகு திருவிவிலியம். வேறுபடும் இடங்களை மட்டும் பென்சிலில் கோடிடுங்கள். பத்து வசனத்தில் இரண்டோ மூன்றோ முக்கியமான வேறுபாடு இருக்கும். அவற்றுக்கு மட்டும் ஸ்ட்ராங்ஸ் பாருங்கள். விளக்கவுரையைக் கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால் உங்களுக்கு எழ வேண்டிய கேள்விகள் எழாமலே போய்விடும்.

## கடையில் கையிலெடுத்ததும்

நடுவில், சங்கீதம் 119 பக்கம் திறந்து மேசைமேல் வையுங்கள். கையை எடுத்ததும் மூடிக்கொண்டால் கட்டு இறுக்கம், அல்லது தைக்காமல் பசையில் ஒட்டியது. முதுகுப் பக்கம் மேலிருந்து பார்த்தால் தைத்த மடிப்புக் கட்டுகள் தெரிய வேண்டும். ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்க எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். சிவப்பு எழுத்துப் பதிப்பு என்றால் மத்தேயு 5ஐத் திறந்து ஒரு பத்தி வாசியுங்கள். வெளிறிய சிவப்பு இரவு விளக்கில் கண்ணை வருத்தும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் ஜிப் வைத்த சின்னப் பதிப்பின் அழகில் மயங்காமல், கண்ணாடி போட்டு அடிக்குறிப்பு எழுத்தை வாசித்துப் பார்த்து எடுங்கள்.

குறியிட ஜெல் பேனா வேண்டாம். மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறி, இரண்டு பக்கமும் கெடும். கூர் சீவிய சாதாரண பென்சிலோ மெழுகு வண்ணப் பென்சிலோ போதும். ஓ.வி.யில் ‘கற்பனை’ வரும் இடத்தில் ஓரத்தில் ‘கட்டளை’ என்று சின்னதாக எழுதிவையுங்கள்.